நூறு பொட்டலங்களில் வரும் ரோபோ

முதல் பொட்டலத்தில் பெரும்பாலும் முகம்தான் வரும். ஒரு கண், அதைச் சுற்றிய தகடு, நாலைந்து ஸ்க்ரூ, கூடவே ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர். விலையும் மிகக் குறைவு. பத்து நிமிடத்தில் பூட்டி மேசைமேல் வைத்தால் அது நம்மைப் பார்க்கிறது. உடம்பு வர இன்னும் பல மாதம் ஆகும். அது தானாக ஓடுவதைப் பார்க்க ஒன்றரை வருடமோ இரண்டு வருடமோ காத்திருக்க வேண்டும்.

இப்படித் தவணை தவணையாகப் பாகங்கள் வந்து சேர, நாமே பூட்டி முடிக்கும் மாதிரிகளுக்கு பார்ட்வொர்க் என்று பெயர். நம் வீட்டுப் பெரியவர்கள் வாரப் பத்திரிகைத் தொடர்கதையை வாராவாரம் கிழித்தெடுத்து, கடைசி அத்தியாயம் வந்ததும் பைண்டு செய்து வைத்ததைப் பார்த்திருப்பீர்கள். அதே ஏற்பாடுதான் இது. தாளுக்குப் பதில் இங்கே பிளாஸ்டிக், கியர், மோட்டார், வயர். ஒவ்வொரு பொட்டலத்தோடும் ஒரு மெல்லிய இதழும் வரும். அந்த வாரத்துப் பாகங்களை எப்படிப் பூட்டுவது என்ற படங்கள் அதில் இருக்கும். அதனால்தான் இந்தத் துறையில் 'எத்தனை பெட்டி' என்று யாரும் கேட்பதில்லை, 'எத்தனை இதழ்' என்றே கேட்கிறார்கள்.

இந்தத் துறையின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று இத்தாலியின் டி அகோஸ்தினி. ஜியோவானி டி அகோஸ்தினி என்ற புவியியலாளர் 1901இல் தொடங்கிய வரைபட நிறுவனம், இன்று நோவாரா நகரில் இருக்கிறது. வரைபடமும் கலைக்களஞ்சியமும் பகுதி பகுதியாக விற்றவர்கள் பின்னாளில் கப்பல், கார், ரோபோ என்று மாதிரிகளையும் அதே வழியில் விற்றார்கள்.

ரோபோ வகையில் இரண்டு உதாரணங்களைச் சொல்கிறேன். ஒன்று, ஜப்பானில் 2013இல் வெளிவந்த ரோபி. டோமோடாகா தகஹாஷி என்ற ரோபோ வடிவமைப்பாளர் உருவாக்கியது. உயரம் 34 சென்டிமீட்டர், மூட்டுகளில் மொத்தம் 20 சர்வோ மோட்டார்கள் (சொன்ன கோணத்தில் போய் நிற்கும் மோட்டார்கள்), 70 இதழ்கள். அதே 2013 ஆகஸ்டில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்ட கிரோபோவும் இவர் கைவண்ணம்தான். இரண்டாவது, ஆர்2-டி2. 1977இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் பீப்பாய் போன்ற உடம்போடு உருண்டு வருமே, அதே ரோபோ. அதை அசலில் பாதி அளவில், 100 இதழ்களில் டி அகோஸ்தினி கொண்டுவந்தது. தலை திரும்பும், விளக்கு எரியும், ஒலி எழுப்பும், தானே ஓடும்.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. ரோபி நடக்கும்; எனவே அதன் ஒவ்வொரு மூட்டும் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று அதற்குத் தெரிந்தாக வேண்டும். ஆர்2-டி2 சக்கரத்தில் ஓடும். அதற்கு வேகமும் திசையும் போதும். எந்த ரோபோவை எடுத்தாலும் உள்ளே இருப்பது இந்த இரண்டு வகை வேலைகளின் கலவைதான். அதைப் புரிந்துகொண்டால் கையேட்டின் பாதி புதிர் விலகிவிடும்.

சுற்றும் மோட்டாரும் நிற்கத் தெரிந்த மோட்டாரும்

பேட்டரியில் ஓடும் சாதாரண டிசி மோட்டாருக்கு ஒரே ஒரு வேலை தெரியும்: சுற்றுவது. மின்சாரத்தைத் திருப்பிக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் சுற்றும். அதன் சிக்கல், அது மிக வேகமாகவும் மிகப் பலவீனமாகவும் சுற்றும். ஒரு சின்ன மோட்டார் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்தை நேராக அதில் மாட்டினால், கணக்குப்படி மணிக்கு 56 கிலோமீட்டர் வேகம் வரும். ஆனால் நிஜத்தில் நகரவே நகராது. சில கிலோ எடையைத் தள்ளும் பலம் அந்த அச்சுக்கு இல்லை.

இங்கேதான் கியர் வருகிறது. நூறு சுற்றை ஒரு சுற்றாகக் குறைக்கும் பல்சக்கரத் தொகுதியை நடுவில் வைத்தால், சக்கரம் நிமிடத்துக்கு 60 முறைதான் சுற்றும். நொடிக்குச் சுமார் 16 சென்டிமீட்டர் நகரும். உராய்வில் போனது போக, திருப்பும் விசை பல மடங்கு கூடிவிடும். கிணற்றில் நேராக வாளியைத் தூக்குவதற்கும் கைப்பிடி வைத்த பெரிய சக்கரத்தைச் சுற்றிக் கயிற்றை உருளையில் சுருட்டித் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம் இது. மோட்டாரும் கியரும் சேர்ந்து ஒரே கட்டாக வருவதைக் கியர் மோட்டார் என்பார்கள். உருளும் ரோபோக்களின் காலுக்குள் இருப்பது அதுதான். இடது வலது சக்கரம் இரண்டுக்கும் தனித்தனி மோட்டார் இருந்தால் ஸ்டீயரிங் என்று ஒன்றே தேவையில்லை. ஒரு பக்கம் முன்னாலும் மறுபக்கம் பின்னாலும் சுற்றினால் ரோபோ நின்ற இடத்திலேயே திரும்பும்.

மூன்று கால் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுப்புக்கு ஏன் மூன்று கல் வைத்தோமோ, அதே காரணத்துக்காகத்தான் ஆர்2-டி2 ஓடும்போது மூன்றாவது காலையும் ஊன்றுகிறது. மூன்று புள்ளிகளுக்கு நடுவே எடை விழும்வரை கவிழாது, மேடுபள்ளத்திலும் ஆடாது. இரண்டு காலில் சக்கரத்தோடு நிற்க வேண்டுமென்றால் நொடிக்கு நொடி சமநிலை பார்க்கும் மூளை வேண்டும். அந்த 1977 படத்தின் படப்பிடிப்பில் அது இல்லை. அதனால் இரண்டு காலில் ஆடி நடக்கும் காட்சிகளுக்கு, 112 சென்டிமீட்டர் உயரமுள்ள கென்னி பேக்கர் என்ற நடிகர் அந்தப் பீப்பாய்க்குள் உட்கார்ந்தார். ஓடும் காட்சிகளுக்கு மூன்று கால் வைத்த ரிமோட் பொம்மையைப் பயன்படுத்தினார்கள்.

அடுத்தது சர்வோ. இதுதான் எனக்கு மிகப் பிடித்த பாகம். தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிதாக இருக்கும் ஒரு கறுப்புக் கட்டிக்குள் நான்கு பேர் குடியிருக்கிறார்கள்: ஒரு மோட்டார், ஒரு கியர் வரிசை, ஒரு சின்ன சர்க்யூட், அப்புறம் ஒரு பொட்டன்ஷியோமீட்டர். கடைசிப் பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பழைய ரேடியோவில் சத்தம் கூட்டத் திருகுவோமே, அந்தக் குமிழ்தான் அது. சர்வோவின் அச்சு திரும்பும்போது இந்தக் குமிழும் உள்ளுக்குள் சேர்ந்து திரும்புகிறது. எனவே அச்சு இப்போது எங்கே நிற்கிறது என்று சர்க்யூட்டுக்குத் தெரியும். எங்கே நிற்க வேண்டும் என்று வெளியிலிருந்து சொன்னால், இரண்டையும் ஒப்பிட்டு, வித்தியாசம் தீரும்வரை மோட்டாரைச் சுற்றி நிறுத்தும். கையால் தள்ளினாலும் எதிர்த்து நிற்கும். ஒரு மோட்டாருக்கு 'நில்' என்று கற்றுக்கொடுத்திருக்கிறார்கள் என்பதை முதல் முறை விரலால் உணரும்போது வரும் சந்தோஷம் தனி.

சாதாரண சர்வோவுக்கு, எங்கே நிற்க வேண்டும் என்ற அந்தக் கட்டளை மின் துடிப்பாகப் போகிறது. நொடிக்கு 50 முறை ஒரு துடிப்பு. அது 1.5 மில்லி செகண்டு நீடித்தால் நடுவில் நில் என்று பொருள். 1 மில்லி செகண்டு என்றால் ஒரு ஓரம், 2 என்றால் மறு ஓரம். ஆனால் ரோபி போல 20 மூட்டு இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி வயர் இழுப்பது பெரும்பாடு. அதற்காக இன்னொரு வகை சர்வோ உண்டு. ஒரே வயரில் வரிசையாகத் தொங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். ஒரு தெருவில் இருபது வீடு, ஒரே தபால்காரர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் '7' என்று இருந்தால் ஏழாம் வீடு மட்டும் வாங்கும், மற்றவை சும்மா இருக்கும்.

இந்தக் கதவு எண்ணைத் தொழிற்சாலை எழுதி அனுப்பாது, நாம்தான் எழுத வேண்டும். எல்லா சர்வோவும் ஒரே எண்ணோடு வரும். சோதனை போர்டில் மாட்டி, கையேடு சொல்லும் எண்ணைப் பதிய வேண்டும். புதியவர்கள் அவசரத்தில் தாண்டிவிடும் இடம் இது. எண் எழுதாமல் பூட்டினால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பல மாதம் கழித்து, முழங்கையை மடக்கச் சொன்னால் முழங்காலும் சேர்ந்து மடங்கும்.

பூட்டும்போது சர்வோவை நடு நிலையில் நிறுத்திய பிறகுதான் கையையோ காலையோ அதில் மாட்ட வேண்டும். அச்சில் நுண்ணிய பற்கள் இருக்கும். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் தோள் சாய்ந்து நிற்கும். நேராக்கலாம் என்று கையால் பலமாகத் திருப்பாதீர்கள், உள்ளே பல் உடையும்.

இன்றைய தவறு, அடுத்த வருடத்து விளைவு

இந்தக் கைவேலையைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயத்தைத்தான் மனதில் வைக்கச் சொல்வேன். சாதாரண கிட் வாங்கினால் காலையில் செய்த தவறு மாலையில் தெரிந்துவிடும். இங்கே மூன்றாம் மாதம் பூட்டிய பாகத்துக்கு இருபதாம் மாதம்தான் மின்சாரம் போகிறது. பேட்டரியும் தலைமை போர்டும் கடைசிப் பகுதியில் வருவதே பொதுவான வழக்கம். பொட்டலங்களின் வரிசையும் பூட்டுவதற்கு வசதியான வரிசையாக இருப்பதில்லை. ஆர்வம் குறையாமல் இருக்க, கண்ணுக்கு அழகான பாகம் முன்னாலும் சலிப்பான சட்டம், தகடுகள் நடுநடுவிலும் வரும்.

நான் இதை அனுபவித்துத்தான் கற்றேன். ஒரு உருளும் ரோபோவின் இடது காலுக்குள் மோட்டார் வயரை விட்டு மூடி, எல்லா ஸ்க்ரூவும் போட்டு, துணி சுற்றி அலமாரியில் வைத்தேன். ஒன்பது மாதம் கழித்து முதல் முறை மின்சாரம் கொடுத்தபோது வலது சக்கரம் சுற்றியது, இடது சுற்றவில்லை. தோள்பட்டை வரை கழற்றி, கவசத் தகடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து உள்ளே பார்த்தால், ஸ்க்ரூ இறங்கும் தூணுக்கும் மூடிக்கும் நடுவே வயர் நசுங்கிக் கிடந்தது. பழுது பார்க்க ஐந்து நிமிடம். அந்த இடத்துக்குப் போய்ச் சேர இரண்டு மாலைப்பொழுது.

அதனால் என் பழக்கம் இது. மோட்டார் வரும் பொட்டலம் எதுவானாலும், உறையைப் பிரித்ததும் இரண்டு பேட்டரி போட்ட சின்னப் பெட்டி ஒன்றால் அதைச் சுற்றவிட்டுப் பார்ப்பேன். எவ்வளவு வோல்ட் தாங்கும் என்று கையேட்டில் இல்லாவிட்டால் 3 வோல்ட்டில் ஆரம்பிப்பது பாதுகாப்பு. ஒற்றை எல்இடி விளக்கானால், மின்சாரத்தைக் கட்டுப்படுத்த நடுவில் ஒரு ரெசிஸ்டர் இல்லாமல் நேராகக் கொடுக்கக் கூடாது. சர்வோவுக்கு இந்தச் சோதனை செல்லாது. எண் பதியும் வகைக்கு கிட்டோடு வரும் சோதனை போர்டையும், சாதாரண வகைக்குக் கடையில் கிடைக்கும் சர்வோ டெஸ்டரையும்தான் பயன்படுத்த வேண்டும். வயர் கடந்துபோகும் ஒவ்வொரு இடத்திலும், மூடியை மூடும் முன் ஒரு புகைப்படம். மூடிய பின் மறுபடியும் ஒரு முறை சுற்றவிடுதல். மூடும் முன் ஓடியது மூடிய பின் ஓடவில்லை என்றால், தவறு அந்த அரை மணிக்குள் நடந்தது என்று உறுதியாகத் தெரியும்.

வயரின் இரு முனையிலும் எண் எழுதிய துண்டு ஒட்டிவிடுங்கள். ஒரே மாதிரி வெள்ளை கனெக்டர் பத்து தொங்கும்போது எது தலை, எது கால் என்று இரண்டு வருடத்துக்கு முந்தைய ஞாபகத்தை நம்ப முடியாது. கனெக்டரைக் கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்காமல் பிளாஸ்டிக் தலையைப் பிடித்து இழுங்கள்.

ஸ்க்ரூ

சின்ன விஷயம்தான், ஆனால் வேலையில் பாதி இதுதான். இந்த கிட்டுகளில் இரண்டு வகை ஸ்க்ரூ வரும். ஏற்கெனவே மரை வெட்டிய உலோகத் துளையில் இறங்குவது ஒன்று. பிளாஸ்டிக்கில் தானே மரை வெட்டிக்கொண்டு இறங்குவது இன்னொன்று. இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி போல இருக்கும். பிளாஸ்டிக்குக்கானதன் மரை அகலமாக, கூர்மையாக இருக்கும். மாற்றிப் போட்டால் துளை போச்சு.

பிளாஸ்டிக்கில் போட்ட ஸ்க்ரூவைக் கழற்றி மறுபடி போடும்போது ஒரு நுணுக்கம் உண்டு. முதலில் பின்பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் சின்னதாக 'டக்' என்று இறங்குவது விரலுக்குத் தெரியும். பழைய மரையில் உட்கார்ந்துவிட்டது என்று பொருள். அங்கிருந்து முன்பக்கம் திருப்பினால் புது மரை வெட்டாமல் பழைய வழியிலேயே போகும். உலோகத்தில் இறுகி நின்றால் பலம் காட்டாமல் அரைச் சுற்றுப் பின்வாங்கி மறுபடி முன்னால் போகலாம். நுனியில் துளி மெழுகோ சோப்போ தடவினால் இன்னும் சுலபம்.

கூட வரும் இலவச ஸ்க்ரூடிரைவரை ஓரமாக வைத்துவிட்டு, நல்லதாக ஒன்று வாங்கிவிடுங்கள். பிளஸ் தலையில் பூஜ்யம் எண், ஒன்றாம் எண் இரண்டும் இருந்தால் பெரும்பாலான வேலை முடியும். அளவு பொருந்தாத முனைதான் தலையை மழுக்குகிறது. ஸ்க்ரூக்களைப் பிரித்து வைக்க எனக்குக் கிடைத்த சிறந்த சாதனம் பழைய இட்லித் தட்டு. குழிக்கு ஒரு வகை. மிச்சப்படும் ஸ்க்ரூவை எறியாதீர்கள். எந்த இதழில் மிஞ்சியது என்று எழுதிய சின்னக் கவரில் போட்டு வையுங்கள், என்றைக்காவது ஒன்று மேசைக்கு அடியில் உருண்டு மறையும்.

காசுக் கணக்கும் கண்ணில் படாத ஆபத்தும்

2013இல் ரோபியின் முதல் இதழ் 790 யென்னாக இருந்தது. இரண்டாவதிலிருந்து ஒவ்வொன்றும் 1,990 யென். எழுபதையும் கூட்டினால் ஏறத்தாழ 1,40,000 யென். முதல் விலையை மட்டும் பார்த்துச் சேருபவருக்கு இது அதிர்ச்சி. எந்த கிட்டானாலும் சேரும் முன் மொத்த இதழ் எண்ணிக்கையால் பெருக்கி, தபால் செலவும் கூட்டி, ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்தத் தொகையை மொத்தமாகக் கேட்டால் கொடுப்பீர்களா என்று உங்களையே கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள். தவணையில் போவதால் சுமை குறைவாகத் தெரியும், தொகை குறைவதில்லை.

பெரிய ஆபத்து வேறு. சீட்டு கட்டுவது போலத்தான் இது. நடத்துபவர் நடுவில் நின்றுவிட்டால் கையில் இருப்பது அரை ரோபோ. பிரிட்டனின் ஈகிள்மாஸ் நிறுவனம் 2022இல் கடனில் மூழ்கி மூடும் நிலைக்குப் போனபோது, பாதி கட்டிய மாதிரிகளோடு நின்றவர்கள் பலர். இது தவிர, புதுத் தொடர்களை ஒரு சிறு பகுதியில் மட்டும் முதலில் விற்றுப் பார்க்கும் வழக்கமும் இந்தத் துறையில் உண்டு. விற்பனை சரியில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். எனவே ஏற்கெனவே ஒரு நாட்டில் கடைசி இதழ் வரை வந்து முடிந்த தொடரைத் தேர்ந்தெடுப்பதுதான் என் சிபாரிசு. முழுத் தொகுப்பையும் பிரிக்காமல் விற்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பழைய தொகுப்பு வாங்கினால் இரண்டைக் கேளுங்கள்: பேட்டரி எந்த வருடத்தது, கைப்பேசி செயலி இன்றைய போனில் வேலை செய்கிறதா. செயலியை நம்பி இயங்கும் ரோபோவுக்கு, செயலி நின்றால் பாதி உயிர் போய்விடும். தனி ரிமோட் இருந்தால் கவலை குறைவு.

பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை. லித்தியம் வகையானால் அது வந்த நாளிலிருந்தே வயதாகிறது, ரோபோ முடியும்வரை காத்திருக்காது. முழுக்கச் சார்ஜ் செய்தோ முழுக்கக் காலியாகவோ மாதக்கணக்கில் வைக்காமல் பாதிச் சார்ஜில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். உப்பிய பேட்டரியை எக்காரணம் கொண்டும் உள்ளே மாட்டாதீர்கள்.

சரி, கடைசி இதழும் வந்துவிட்டது, எல்லாம் பூட்டியாகிவிட்டது. உடனே தரையில் விட்டு ஆன் செய்யத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். ஓடும் ரோபோவானால், உறுதியான ஒரு டப்பாவின் மேல், சக்கரங்கள் எதிலும் படாதபடி தூக்கி வையுங்கள். நடப்பதானால் கழுத்தருகே ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள். ஆன் செய்து முதலில் தலையை மட்டும் திருப்புங்கள். அப்புறம் விளக்கு, ஒலி. அதற்கப்புறம் 'முன்னே' என்ற கட்டளை. இரண்டு சக்கரமும் ஒரே பக்கம் சுற்றுகிறதா என்று பாருங்கள். ஒன்று எதிராகச் சுற்றினால் அந்த மோட்டாரின் இரண்டு வயரும் இடம் மாறியிருக்கிறது; மாற்றி மாட்டினால் போதும். இரண்டும் ஒன்றுபோலச் சுற்றினால் தரையில் இறக்கி, எதிரே இரண்டு அடி இடம் விட்டு, மறுபடி அதே பொத்தானை அழுத்துங்கள்.